கனடாவுக்கு வாழ்க்கைத்துணையை அழைத்தல்: திருமணம் உண்மையானது என்று காட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் இருந்துகொண்டு, இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ இருக்கும் கணவனை அல்லது மனைவியை நிரந்தர வதிவிடத்துக்கு அழைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. திருமணச் சான்றிதழ்கள், கடிதங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் கதையில் சிக்கல் இருந்தால் சட்டத்தரணியைப் பார்த்தே ஆக வேண்டும். எந்தெந்த இடங்களில் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

முறைப்படி பதிவு செய்த திருமணம். சான்றிதழ் இருக்கிறது. இன்னும் எதை நிரூபிக்க வேண்டும்?

சான்றிதழ் ஒன்றை மட்டும்தான் காட்டுகிறது: திருமணம் நடந்தது. அது எதற்காக நடந்தது என்பதை அதில் யாரும் எழுதுவதில்லை. கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் நான்காம் பிரிவு இரண்டு கேள்விகளை வைக்கிறது. முதலாவது, குடிவரவுத் தகுதி பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு இந்தத் திருமணம் செய்யப்பட்டதா? இரண்டாவது, இது உண்மையான திருமணமா?

2010 செப்டம்பர் வரை இந்த இரண்டிலும் தவறியவர்களைத்தான் மறுக்க முடியும். அதன்பின் விதி மாறியது. இப்போது ஏதாவது ஒன்றில் தவறினாலே விண்ணப்பம் போய்விடும்.

முதல் கேள்வி, நீங்கள் தாலி கட்டிய நாளில் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றியது. இரண்டாவது, இன்று நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்பதைப் பற்றியது. பலர் இன்றைய அன்புக்கு ஆதாரமாகக் கட்டுக் கட்டாகத் தாள்களைச் சேர்க்கிறார்கள்; இந்தத் திருமணம் எப்படிப் பேசி முடிவானது என்பதற்கு ஒரு பக்கம் கூட எழுதுவதில்லை. இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆனால் குற்றவியல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; இப்படித்தான் இருந்திருக்கும் என்று அதிகாரி ஏற்கும் அளவு போதும்.

எங்களுடையது பேச்சுத் திருமணம். சாதகம் பார்த்தார்கள், வீடியோவில் பேசினோம், லீவில் போய்க் கலியாணம் முடித்துத் திரும்பிவிட்டேன். நம்புவார்களா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். பேச்சுத் திருமணம் என்பதற்காக மட்டும் யாரையும் மறுக்க முடியாது. பேச்சுத் திருமணத்தை மேற்கத்தியக் காதல் திருமணத்தின் அளவுகோலால் எடைபோடக் கூடாது என்று கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2010இல் ஒரு தீர்ப்பில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்பு உங்கள் வேலையைக் குறைத்துவிடாது. முன்பின் பழகாத இருவர் சில வாரங்களில் திருமணம் செய்வது நமக்கு இயல்பு, உங்கள் கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு இயல்பாக இல்லாமல் இருக்கலாம். ஆகவே நமக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடும் விபரங்களையெல்லாம் எழுதுங்கள். சம்பந்தத்தை முதலில் கொண்டுவந்தவர் யார்? தரகரா, பெரியம்மாவா, கோயிலில் சந்தித்த உறவினரா? சாதகத்தைப் பார்த்த சாத்திரியார் என்ன சொன்னார்? இதற்கு முன் எத்தனை சம்பந்தங்கள் பேசி, ஏன் சரிவரவில்லை? பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிக் கனடாவில் யாரிடம் விசாரித்தார்கள்? முதல் முறை பேசியபோது நீங்கள் இருவரும் எதைப் பற்றிப் பேசினீர்கள்? உங்களுக்கு இவரை ஏன் பிடித்தது?

கடைசிக் கேள்விதான் எடை கூடியது. "வீட்டார் சொன்னார்கள், செய்தேன்" என்று எழுதுபவர்கள் ஏராளம். அப்படி எழுதினால் உங்கள் சம்மதம் எங்கே என்று அதிகாரி தேடுவார். இவரோடு வாழலாம் என்று உங்களுக்கு ஏன் தோன்றியது என்பதை வெட்கப்படாமல் நான்கு வரி எழுதுங்கள்.

அவசரத்துக்கும் காரணம் சொல்லுங்கள். வேலையில் கிடைத்த விடுமுறை எவ்வளவு, ஆடி மாதம் வருமுன் முகூர்த்தம் வைக்க வேண்டியிருந்தது, அப்பம்மா உடல்நலமில்லாமல் இருந்தார் என்பவையெல்லாம் நியாயமான காரணங்கள். எழுதாத காரணத்தை யாரும் ஊகித்து உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஐ.எம்.எம். 5532 படிவத்தை யார் நிரப்ப வேண்டும்?

உறவைப் பற்றிய கேள்விகள் வரும் படிவம் அது. எப்படிச் சந்தித்தீர்கள், அறிமுகம் செய்தவர் யார், என்னென்ன சடங்குகள் நடந்தன, யார் வந்தார்கள், எப்படித் தொடர்பில் இருக்கிறீர்கள் என்று போகும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, தொலைபேசியிலாவது பேசி, உங்கள் சொற்களில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு பிறகு. வேறு ஒருவர் எழுதிய பதிலின் கீழ் கையொப்பமிட்டவர்கள்தான் நேர்காணலில் தடுமாறுகிறார்கள். பெற்றோரில் ஒருவர் திருமணத்துக்கு வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். விசா கிடைக்காதது, முதுமை, குடும்பச் சண்டை எதுவானாலும் சரி.

எந்தப் புகைப்படங்களை வைப்பது?

ஆவணப் பட்டியல் இருபது படங்கள்வரைதான் கேட்கிறது. (விண்ணப்பிக்கும் நாளில் கனடாவின் குடிவரவுத் துறைத் தளத்தில் இருக்கும் புதிய பட்டியலை இறக்கிப் பாருங்கள், இவை அவ்வப்போது மாறும்.) கடற்கரையில் புகைப்படக்காரர் நிற்கவைத்து எடுத்த படங்கள் அழகானவை, ஆனால் ஆதாரமாகப் பலவீனமானவை. ஒன்று போதும். பொன்னுருக்கு (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு), தாலி கட்டுதல், பதிவாளர் முன் கையெழுத்திடுதல், மாமா மாமியோடு சாப்பாட்டுப் பந்தியில் இருப்பது, திருமணத்துக்குப் பின் உறவினர் வீட்டுக்கு விருந்துக்குப் போனது, விமான நிலையத்தில் வழியனுப்பியது என்று வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு உடையில், மற்றவர்களோடு இருப்பவற்றைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், படத்தில் இருப்பவர்களின் பெயர், உறவுமுறை. மச்சாள் என்று மட்டும் எழுதாதீர்கள், மனைவியின் அண்ணனைத் திருமணம் செய்தவர் என்று விளக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் ஆயிரக்கணக்கான செய்திகள் இருக்கின்றன. அத்தனையையும் அச்சிட வேண்டுமா?

வேண்டாம். கடிதம், குறுஞ்செய்தி, சமூக ஊடக உரையாடல் எல்லாம் சேர்த்துப் பத்துப் பக்கம்தான் கேட்கப்படுகிறது. திருமணத்துக்கு முன், திருமணம் முடிந்த வாரம், பிரிந்து வந்த பிறகு, சென்ற மாதம் என்று காலம் தெரியும்படி பிரித்தெடுங்கள். "சாப்பிட்டீர்களா" மட்டும் இருக்கும் பக்கங்கள் குறைவாக இருக்கட்டும். மாமாவின் சர்க்கரை நோய் பரிசோதனை, வீட்டு வாடகை, நீங்கள் கோபித்துக்கொண்டு மறுநாள் சமாதானமானது போன்றவை வரும் பக்கங்கள் வாழ்க்கையைக் காட்டும். சண்டை இருக்கும் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து எடுக்காதீர்கள். அந்தப் பக்கம்தான் சில கோப்புகளில் மிக உண்மையான பக்கம்.

அழைப்புகளின் பட்டியலில் நேரமும் நீளமும் தெரிய வேண்டும். தமிழில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழுக்கும்தான். உங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் மொழிபெயர்க்கக் கூடாது.

மாதாமாதம் காசு அனுப்புகிறேன், ஆனால் உண்டியலில் (வங்கி வழியல்லாமல் ஆள் மூலம் கைமாற்றும் முறையில்). ரசீது இல்லை.

அப்படியானால் அது கோப்பில் இல்லை. இனியாவது மனைவியின் பெயருக்கு வங்கி வழியாகவோ பதிவுபெற்ற பணப்பரிமாற்ற நிறுவனம் வழியாகவோ அனுப்புங்கள். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, தொடர்ச்சியாக இருந்தால் போதும். மனைவி தானே சம்பாதிக்கிறார், காசு தேவையில்லை என்றால் அதுவும் நல்ல பதில்தான். அவருடைய சம்பளக் கடிதத்தை வைத்து அப்படியே எழுதுங்கள். விண்ணப்பத்துக்காக ஒரே மாதத்தில் பல தடவை அனுப்பி ரசீது சேர்ப்பது பார்த்தவுடன் தெரியும்.

நான் அகதியாக வந்தவன். இலங்கைக்குப் போக முடியாது. சென்னையில் திருமணம் செய்யலாமா?

முதலில் ஓர் எச்சரிக்கை. அகதிப் பாதுகாப்பின் வழியாக நிரந்தர வதிவிடம் பெற்று, இன்னும் கனடியக் குடியுரிமை எடுக்காதவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், இலங்கைக்குப் போய்வருவதும் ஆபத்து. 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றத்தின்படி, நீங்கள் மீண்டும் அந்த நாட்டின் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டீர்கள் என்று தீர்ப்பானால் அகதிப் பாதுகாப்போடு நிரந்தர வதிவிடமும் பறிபோகலாம். கலியாணத்துக்காக ஒரு தடவைதானே என்று போக வேண்டாம். குடியுரிமை கிடைக்கும்வரை பொறுக்க முடியாவிட்டால் மூன்றாவது நாடு ஒன்றைப் பாருங்கள்.

சென்னை, திருச்சி என்று பலர் போகிறார்கள். அங்கே சறுக்கும் இடம் பதிவு. திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படியும் கனடாவின் சட்டப்படியும் செல்லுபடியானால்தான் கனடா அதை ஏற்கும். கோயில் ரசீதும் மண்டபப் பற்றுச்சீட்டும் பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது. இந்தியாவின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் பதிவதென்றால் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் தங்கியிருந்து அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதன்பின் இன்னும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு வார லீவில் இது முடியாது. இருவரும் இந்தியக் குடிமக்கள் அல்லாதபோது எந்தச் சட்டத்தின்கீழ் பதிவது என்பதை, மண்டபம் பிடிக்குமுன் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏன் சொந்த ஊரில் செய்யவில்லை, ஏன் குறைந்த பேரே வந்தார்கள் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் ஐந்நூறு பேர் வந்திருக்க வேண்டிய திருமணம் சென்னை மண்டபத்தில் இருபது பேரோடு நடந்தால், அதிகாரி முதலில் பார்ப்பது அந்த வெறும் நாற்காலிகளைத்தான்.

மாப்பிள்ளை வராமலே, வீடியோவில் பதிவு செய்தால்?

ஏற்கமாட்டார்கள். 2015 ஜூன் முதல், இருவரில் ஒருவர் நேரில் இல்லாமல் பிரதிநிதி, தொலைபேசி, இணையம் வழியாக நடந்த திருமணங்கள் குடிவரவுக்குச் செல்லாது. கனடிய ஆயுதப்படையினருக்கு மட்டும் சிறு விலக்கு உண்டு.

எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. சடங்குப் படங்கள் இல்லையே?

தமிழ்நாட்டில் அது சட்டப்படியான திருமணம். இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் கொண்டுவந்த மாநிலத் திருத்தம், 7ஏ பிரிவு, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணப்பதை ஏற்கிறது. அதைக் கடிதத்தில் ஒரு பத்தியாக எழுதுங்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

முறை மச்சானைத் திருமணம் செய்திருக்கிறேன். மறைக்க வேண்டுமா?

எதற்கு மறைக்க வேண்டும்? மாமன் மகள், அத்தை மகன் திருமணம் கனடாவில் சட்டவிரோதம் அல்ல. 1990ஆம் ஆண்டின் சட்டம் தடுப்பது நேர்வழி இரத்த உறவினரையும் உடன்பிறந்தவர்களையும்தான். நமது வழக்கத்தில் இது உரிமையுள்ள உறவு என்று விளக்குங்கள். மறைத்து, பிறகு பாட்டியின் பெயர் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதை அவர்கள் கண்டுபிடித்தால் கேள்வி உறவைப் பற்றியதாக இருக்காது, உங்கள் நேர்மையைப் பற்றியதாகிவிடும்.

எனக்கு இது இரண்டாவது திருமணம். அவருக்கு முதல் திருமணம். எனக்கு அவரைவிட வயதும் கூட. சந்தேகிப்பார்களா?

சந்தேகிக்கலாம். உங்கள் சமூகத்தில் இது வழக்கமில்லையே என்று நேர்காணலில் கேட்டும் இருக்கிறார்கள். மணமுறிவு பெற்ற பெண்ணை ஒருவர் மணக்க விசாவைத் தவிர வேறு காரணம் இருக்காது என்ற எண்ணம் எவ்வளவு புண்படுத்தும் என்பது எனக்குத் தெரியும். கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு பதிலை முன்கூட்டியே எழுதுங்கள்: முதல் திருமணம் எப்போது, எப்படி முடிந்தது, அது இவருக்கும் இவர் பெற்றோருக்கும் எப்போது சொல்லப்பட்டது, அவர்கள் என்ன சொன்னார்கள். மாமியார் தானே ஒரு கடிதம் எழுதினால் நல்லது. ஆனால் எல்லா உறவினரும் ஒரே வாசகத்தில் எழுதும் கடிதங்களால் எந்தப் பயனும் இல்லை.

இலங்கையில் விவாகரத்துப் பெற்றவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றம் முதலில் தருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதங்களின் பின் அது முடிந்த தீர்ப்பாகும். முடிந்த தீர்ப்பின் தேதிக்கு முன் நடந்த இரண்டாவது திருமணம் செல்லாது.

அகதி விண்ணப்பத்தில் திருமணமாகவில்லை என்று எழுதிவிட்டேன். இப்போது மனைவியை அழைக்க வேண்டும்.

உடனே சட்டத்தரணியிடம் போங்கள். நிரந்தர வதிவிடம் பெறும்போது சொல்லப்படாத, அதனால் குடிவரவுத் துறையால் பரிசோதிக்கப்படாத குடும்ப உறுப்பினரைப் பிறகு அழைக்க முடியாது என்ற கடுமையான விதி இருக்கிறது. சிலருக்கு அதைத் தளர்த்தி 2019 செப்டம்பரில் தற்காலிகக் கொள்கை ஒன்று வந்தது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதைத் தகுதியுள்ளவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு பொய்யால் இதைச் சரிசெய்ய முயலாதீர்கள்: தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து ஆண்டுத் தடை.

நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

எல்லோரையும் அழைப்பதில்லை. அழைத்தால் பயந்துவிட வேண்டாம், மனப்பாடமும் செய்ய வேண்டாம். கணவரின் வேலை, எத்தனை மணிக்குப் போய் வருகிறார், யாரோடு ஒரே வீட்டில் இருக்கிறார், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறாரா, அவருடைய சகோதரங்கள் யார் யார், கடைசியாக எப்போது பேசினீர்கள், கனடா போய் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்பவை வழக்கமாக வரும் கேள்விகள். தினமும் பேசுபவர்களுக்கு இவை தெரியும்.

பிரச்சினை வேறு இடத்தில் வருகிறது. கணவர் தான் இரவு வேலை செய்வதையோ கடன் இருப்பதையோ மனைவியிடம் சொல்லியிருக்க மாட்டார். கௌரவம். மனைவி நேர்காணலில் வேறொன்றைச் சொல்வார். உங்கள் துணையிடம் உங்கள் உண்மையான வாழ்க்கையைச் சொல்லுங்கள். நேர்காணலுக்காக மட்டும் சொல்லவில்லை, அவர் வந்து வாழப்போவது அந்த வாழ்க்கையைத்தான்.

தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் பேசும் தமிழ் உங்களுக்கு விளங்காவிட்டால் அந்த நேரத்திலேயே அதிகாரியிடம் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தவருக்கு மதுரைத் தமிழும் மதுரைக்காரருக்கு யாழ்ப்பாணத் தமிழும் சில இடங்களில் பிடிபடாது. பிறகு முறையிட்டால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்பார்கள்.

எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

காசு வாங்கிக்கொண்டு உங்களைப் பிரதிநிதித்துவப்படுத்த சட்டத்தரணிகள், குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் பதிவுபெற்ற ஆலோசகர்கள், கியூபெக் மாகாண நொத்தாரிசுகள் (சட்ட ஆவணங்களை எழுதி உறுதிப்படுத்துபவர்கள்) போன்ற உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. பெயரைக் கேட்டு இணையத்திலுள்ள பதிவேட்டில் தேடுங்கள். "என் பெயரைப் படிவத்தில் போட வேண்டாம்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவர் எழுதும் பொய்க்குக் கையெழுத்து உங்களுடையது.

மறுத்துவிட்டார்கள். உடனே மறுபடி விண்ணப்பிக்கலாமா?

பொறுங்கள். துணை வெளிநாட்டில் இருக்க, குடும்பப் பிரிவில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருந்தால், அழைத்தவர் 30 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே வழக்கு புதிதாக விசாரிக்கப்படும். பழைய கோப்பில் இல்லாத ஆதாரங்களையும் கொடுக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் துணை தொலைபேசியிலோ வீடியோவிலோ சாட்சி சொல்லலாம். மேன்முறையீட்டில் தோற்று, அதே ஆதாரத்தோடு மீண்டும் விண்ணப்பித்து மீண்டும் மேன்முறையீடு செய்தால், ஏற்கெனவே தீர்க்கப்பட்டது என்று தள்ளிவிட முடியும். ஆகவே முதல் மேன்முறையீட்டை முழு பலத்தோடு நடத்துங்கள். கனடாவுக்குள் இருந்தபடி விண்ணப்பிக்கும் பிரிவில் இந்த மேன்முறையீட்டு உரிமை கிடையாது, கூட்டாட்சி நீதிமன்றத்தின் மீளாய்வு மட்டும்தான். விண்ணப்பப் பிரிவைத் தெரிவு செய்யும்போதே இதை யோசியுங்கள்.

மறுப்புக் கடிதம் சுருக்கமாக இருக்கும். அதிகாரி உண்மையில் என்ன நினைத்தார் என்பது கணினிக் குறிப்புகளில் இருக்கிறது. தகவல் அறியும் சட்டத்தின்கீழ் ஐந்து டொலர் கட்டணத்தில் அவற்றைக் கேட்டுப் பெறலாம். மேன்முறையீட்டுக் கெடுவை மட்டும் அதற்காகத் தவறவிடாதீர்கள்.

பிள்ளை பிறந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பெரிய எடை உண்டு, நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. உறுதி இல்லை. விசாவுக்காகப் பிள்ளை பெறச் சொல்லும் ஆலோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் இருவரும் ஆண்கள். எங்கள் நாட்டில் திருமணம் செய்ய முடியாது, வீட்டாருக்கும் தெரியாது.

கனடாவில் 2005 முதல் தன்பாலினத் திருமணம் நாடு முழுவதும் சட்டபூர்வமானது. அழைக்கும் உரிமையும் அதே. திருமணமோ ஓராண்டு சேர்ந்து வாழ்வதோ முடியாதவர்களுக்கு, குறைந்தது ஓராண்டு நிலைத்த உறவைக் காட்டும் தனிப் பிரிவு இருக்கிறது. குடும்பக் கடிதங்கள் இல்லாததற்கான காரணத்தை வெளிப்படையாக எழுதுங்கள். துணையின் பாதுகாப்பு கருதி, அவருடைய ஊர் முகவரிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

வந்துவிட்டேன். கணவர் அடிக்கிறார். "திருப்பி அனுப்பிவிடுவேன்" என்கிறார். முடியுமா?

முடியாது. நிரந்தர வதிவிடம் கிடைத்தபின் அதை அவரால் பறிக்க முடியாது. இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2012இல் வந்தது உண்மை. அது 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. பழைய விதியைச் சொல்லித்தான் இன்னும் மிரட்டுகிறார்கள். அவர் உங்களுக்காக அரசிடம் கொடுத்த மூன்று ஆண்டுப் பொறுப்பு நீங்கள் பிரிந்தாலும் அவரை விடாது. பொய்த் திருமணம் என்று அவர் முறைப்பாடு செய்தால் விசாரிக்கலாம். நீங்கள் உண்மையாக வாழ வந்ததற்கான ஆதாரங்கள் உங்களிடம் இருக்கின்றன.

விண்ணப்பம் இன்னும் முடியாத நிலையில் கனடாவில் இருப்பவர்களின் நிலை வேறு, அவர் விண்ணப்பத்தை மீளப்பெற முடியும். ஆனால் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குக் கட்டணமில்லாத தற்காலிக வதிவிட அனுமதி 2019 முதல் இருக்கிறது. ஆபத்து உடனடியானது என்றால் 911. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் படங்களை எடுத்து, நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசிக்கு இன்றே அனுப்பிவையுங்கள்.